சேலத்திலிருந்து பனிமலை ஏரிகளுக்கு: முதல்முறை குழுவாக நடக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பையை முதுகில் மாட்டிக்கொண்டு இமயமலை ஏரிகளுக்கு நடந்து போக வேண்டும் என்ற ஆசை நம்ம ஊரில் இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. கூட வேலை செய்கிறவர்கள், கல்லூரிக் கால நண்பர்கள் என்று ஆறேழு பேர் சேர்கிறார்கள். சேர்ந்ததும் முதலில் கேட்பது, "எங்கே புக் பண்ணலாம்?" அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஆறேழு பேரும் ஒன்றாக ஒரு நாள் முழுக்க மேடேறி நடந்திருக்கிறீர்களா? அதைத்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆள் நல்லவரா, பழக இனிமையானவரா என்பது வேறு. களைத்துப்போய், பசியோடு, மழையில் நனைந்து நிற்கும்போது அவர் எப்படி இருப்பார் என்பது சேலத்திலேயே தெரிந்துவிட வேண்டும். அதற்கு ஏற்காடு மலை போதும். எனவே இந்த வழிகாட்டியில் பாதி ஏற்காட்டைப் பற்றியும் நம்ம ஊர் ஏற்பாடுகளைப் பற்றியும்தான் இருக்கும்.

எந்தப் பாதை

காஷ்மீர் கிரேட் லேக்ஸ் என்று சொல்கிற பாதையை வைத்தே எழுதுகிறேன். சோனாமார்க்கில் ஏறி நாராநாகில் இறங்குகிற வழி. எழுபது கிலோமீட்டருக்குச் சற்று மேலே வரும். நடக்க ஆறேழு நாள் ஆகும். விஷன்சர், கிஷன்சர், காட்சர், சத்சர், கங்காபல், நுந்த்கோல் என்று ஏரிக்குப் பின் ஏரியாக வரும். எல்லாம் பனியாறுகள் குடைந்து விட்டுப்போன பள்ளங்களில் தேங்கிய தண்ணீர். நடுவில் நிச்நாய், காட்சர், ஜஜ் என்று மூன்று கணவாய்களைத் தாண்ட வேண்டும். அதிக உயரம் காட்சர் கணவாய், சுமார் 4,200 மீட்டர்.

கயிறு கட்டி ஏறும் வேலை எதுவும் இந்தப் பாதையில் கிடையாது. அதனால் "ஈஸி" என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். ஒருமுறை உள்ளே போய்விட்டால் நடுவழியில் வண்டி வரும் இடமே கிடையாது. மலையேற்றமே செய்திராத குழு, பிள்ளைகளையோ வயதானவர்களையோ கூட்டிப் போகிற குழு என்றால் முதல் வருடம் உத்தரகாண்டில் தேவரியா தால் ஏரிக்கோ இமாசலத்தில் மண்டி பக்கம் உள்ள பராஷர் ஏரிக்கோ போய் வரலாம். இரண்டும் 3,000 மீட்டருக்குக் கீழே. ஒரு ராத்திரி தங்கித் திரும்பிவிடலாம். குளிரும் டென்ட்டும் பழகும்.

எப்போது

ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரைதான் காலம். ஜூலை தொடக்கத்தில் கணவாய்களில் பனி மிச்சம் இருக்கும். பீர் பாஞ்சால் மலைத்தொடர் தெற்கே மறைத்து நிற்பதால் காஷ்மீர் பக்கம் பருவமழையின் வேகம் குறைவு. உத்தரகாண்டில் மண்சரிவு நடந்துகொண்டிருக்கும் மாதங்களில் இங்கே நடக்க முடிவது அதனால்தான். மழையே வராது என்று எண்ணிவிடாதீர்கள். வரும்.

நம்ம ஊருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்கும்போது எந்த வீட்டிலும் ஆளை வெளியே விட மாட்டார்கள். ஆவணி பிறந்த பிறகு, அதாவது ஆகஸ்ட் 17-க்கு மேல் கிளம்பினால் வீட்டிலும் சண்டை இல்லை, மலையிலும் நல்ல நாட்கள். ஒரே ஒரு இழப்பு, ஜூலை கடைசியில் பூத்துக் கிடக்கிற பூக்களில் ஒரு பகுதி அதற்குள் முடிந்திருக்கும்.

ஆவணியில் கிளம்ப வேண்டுமானால் சித்திரையிலேயே பயிற்சி தொடங்க வேண்டும். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பயிற்சிக்கும் டிக்கெட்டுக்கும் நடுவில் இரண்டு மாதம் கிடைப்பது நல்லதுதான். யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது அதற்குள் தானாகத் தெளிந்துவிடும்.

எத்தனை பேர், யார் யார்

ஆறிலிருந்து எட்டுப் பேர் சரியான அளவு. நாலு பேருக்குக் கீழே போனால், ஒருவருக்கு முடியாமல் போகும்போது மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். பத்துக்கு மேலே போனால் காலையில் எல்லோரும் பை கட்டி முடிப்பதற்கே பத்து மணி ஆகிவிடும்.

நாற்பது வயது தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரிடம் "4,000 மீட்டர் உயரத்தில் ஒரு வாரம் இருக்கப் போகிறேன்" என்று அப்படியே சொல்லிக் கேளுங்கள். "டூர் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. பெண்கள் ஹீமோகுளோபின் பார்த்துக்கொள்வது அவசியம். ரத்தச் சோகையோடு மேலே போனால் ஒவ்வொரு அடியும் பாரமாக இருக்கும், எதனால் என்றே புரியாது. சித்திரையில் பார்த்தால் சரிசெய்ய நாள் இருக்கிறது.

ஏற்காட்டில் பயிற்சி

வார நாட்களில் அம்மாப்பேட்டை குமரகிரி படிகள் போதும். சாயங்காலம் ஏறி இறங்குங்கள், அவ்வளவுதான். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்ககிரி கோட்டைக்கு ஐந்து கிலோ பையோடு ஏறுங்கள். ஒழுங்கற்ற கல்படி, வெயில், நிழலில்லாத இடங்கள் எல்லாம் அங்கே ஒரே நாளில் கிடைக்கும். தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்ட கோட்டை அது. நின்று பார்த்துவிட்டும் வரலாம்.

அதற்கப்புறம் ஏற்காடு. அடிவாரத்திலிருந்து மேலே ஏறும்போது உயரம் ஏறக்குறைய 1,100 மீட்டர் கூடுகிறது. கங்காபல் ஏரியிலிருந்து நாராநாக்குக்கு கடைசி நாள் இறங்குவது சுமார் 1,300 மீட்டர். அந்த இறக்கத்துக்கு முழங்காலைத் தயார் செய்ய இதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டில் நமக்குப் பக்கத்தில் இல்லை. ஏறுவதை எல்லோரும் பயிற்சி செய்கிறார்கள், இறங்க மட்டும் பஸ் பிடித்துவிடுகிறார்கள். கால் நடுங்குவதும், முழங்கால் பிடிப்பதும், பெருவிரல் நகம் கறுப்பதும் இறக்கத்தில்தான். ஏறி இறங்க ஒரு நாளில் முடியாது என்றால் ஒரு வாரம் நடந்து ஏறி பஸ்ஸில் இறங்குங்கள், அடுத்த வாரம் பஸ்ஸில் ஏறி நடந்து இறங்குங்கள்.

மலைப்பாதையில் நடக்கும்போது சில விஷயங்களைக் கண்டிப்பாகக் கடைப்பிடியுங்கள். விடிந்த பிறகு மட்டும் நடங்கள். காட்டெருமை நடமாட்டம் இருக்கிற மலை இது. இருட்டில் கொண்டை ஊசி வளைவில் அதற்கு நேர் எதிரே போய் நின்றால் ஒதுங்கக்கூட இடம் இருக்காது. சாலையின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி தெரிகிற மாதிரி, ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழா நாட்களும் வேண்டாம். வண்டி நெரிசலில் நடக்கவே முடியாது. சாலையை விட்டுக் குறுக்கு வழியில் காட்டுக்குள் இறங்காதீர்கள். காப்புக்காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் உயிரிழந்த பிறகு விதிகள் இறுகின. அந்த விதிகள் நம் உயிருக்காகத்தான். காட்டுக்குள் நடக்க ஆசை இருந்தால் 2024-இல் அரசு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் பதிவு செய்து, வழிகாட்டியோடு போங்கள்.

தண்ணீர்ப் பாட்டில்களைப் பைக்குள் வைத்து எடையேற்றுங்கள். முதலில் ஆறு கிலோ, அப்புறம் எட்டு, பிறகு பத்து. முழங்கால் இன்னும் பழகவில்லை என்றால் மேலே போனதும் பாதித் தண்ணீரை ஏதாவது ஒரு செடிக்கு ஊற்றிவிட்டு இலகுவாக இறங்கலாம். கல் வைத்து எடையேற்றியவர்களால் அது முடியாது.

கடைசிப் பயிற்சி மட்டும் இரண்டு நாள் தொடர்ந்து இருக்க வேண்டும். முதல் நாள் அடிவாரத்திலிருந்து ஏறுங்கள். ராத்திரி ஏற்காட்டில் தங்குங்கள். மறுநாள் காலை காபித் தோட்டங்களைச் சுற்றி வரும் லூப் ரோட்டில் பாதியாவது நடங்கள். முழுச் சுற்று சுமார் 32 கிலோமீட்டர். முடிந்தால் சேர்வராயன் கோயில் வரை ஏறிவிட்டு வாருங்கள். முதல் நாள் எல்லோரும் உற்சாகமாகத்தான் நடப்பார்கள். இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கு, கெண்டைக்கால் இறுகிப்போய், அதே பையை மறுபடி தோளில் மாட்டும்போதுதான் காஷ்மீரில் ஏழு நாள் எப்படி இருக்கும் என்பது உடம்புக்குப் புரியும்.

அந்த இரண்டு நாளும் குழுவுக்குப் பொறுப்பேற்கிறவர் எல்லோரையும் கவனிக்க வேண்டும். யார் பின்னால் வருகிறவரைத் திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருக்கிறார்? யார் தண்ணீர் குடிக்க மறக்கிறார்? பசித்தால் யாருக்குக் கோபம் வருகிறது? எல்லாவற்றையும்விட முக்கியம், வலியை யார் மறைக்கிறார் என்பது. "இல்லீங்கண்ணா, ஒண்ணுமில்ல, நீங்க போங்க" என்று சிரித்துக்கொண்டே நொண்டுகிறவரிடம் அன்றைக்கே உட்கார்ந்து பேசிவிடுங்கள். மேலே போன பிறகு அந்தக் குணம் ஆபத்து.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஏற்காடு காலைத்தான் பழக்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் நடப்பதால் 4,000 மீட்டர் காற்றுக்கு உடம்பு பழகிவிடாது. அதைக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

பை

ஒருவர் சுமக்கிற எடை அவர் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்லது. அறுபது கிலோ உள்ளவருக்குப் பன்னிரண்டு கிலோ. டென்ட், அடுப்பு, ஏழு நாள் சாப்பாடு எல்லாவற்றையும் நாமே சுமந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். முதல்முறை போகிறவர்கள் பொதுச் சாமான்களை மட்டக்குதிரைக்காரரிடம் கொடுத்துவிட்டு, தன் துணி, ஸ்லீப்பிங் பேக், தண்ணீர், மதிய உணவு ஆகியவற்றைத் தானே சுமப்பது சரியாக இருக்கும் என்பது என் கருத்து. சோனாமார்க்கில் குதிரைக்காரர்களும் வழிகாட்டிகளும் கிடைப்பார்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் உள்ளே போகவே வேண்டாம். மூடுபனி இறங்கிவிட்டால் புல்வெளியில் பாதை இருந்த இடமே தெரியாது.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு எல்லோரும் ஒருவர் வீட்டில் கூடுங்கள். ஹாலில் பாயை விரித்து அவரவர் சாமான்களை முழுவதும் பரப்பச் சொல்லுங்கள். எடை மெஷினைப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு பொருளையும் எடுத்து, "இது இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள். மூன்றாவது ஜீன்ஸ், பெரிய ஷாம்பு பாட்டில், ஆளுக்கொரு பற்பசை, ஆளுக்கொரு முதலுதவிப் பெட்டி எல்லாம் அங்கேயே நின்றுவிடும். எட்டுப் பேருக்கு ஒரு நல்ல மருந்துப் பெட்டி, ஒரு தையல் ஊசி, ஒரு பிளாஸ்டர் சுருள் போதும்.

பையை மாட்டும் முறையையும் அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிடுங்கள். தோள் பட்டைகளை எல்லாம் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். கொஞ்சம் குனிந்து பையைத் தூக்கி, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் விளிம்பில் உட்காரவைத்து இறுக்குங்கள். தொப்புளுக்கு மேலே ஏறினாலும் தவறு, தொடைக்கு இறங்கினாலும் தவறு. அப்புறம்தான் தோள் பட்டை. சரியாக மாட்டினால் எடையில் பெரும்பங்கு இடுப்பில் நிற்கும், தோளுக்கும் பட்டைக்கும் நடுவில் விரல் நுழையும். கனமான பொருள் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். ஸ்லீப்பிங் பேக் அடியில், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. பைக்கு வெளியே போடுகிற மழை உறையை மட்டும் நம்பாதீர்கள். உள்ளே ஒரு பெரிய கனமான பிளாஸ்டிக் பை போட்டு அதற்குள் துணியை அடுக்குங்கள்.

துணியும் ஷூவும்

பருத்தி வேண்டாம். சேலத்து வெயிலுக்குப் பருத்திதான் சுகம், ஆனால் மேலே அது வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே உடம்பில் ஒட்டிக்கிடக்கும். உயரம் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் கூடும்போதும் சுமார் ஆறரை டிகிரி குளிர் கூடும். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதனால்தான். ஏற்காட்டைவிட இன்னும் இரண்டாயிரம் மீட்டர் மேலே ஏரிக்கரையில் படுக்கப் போகிறீர்கள். ஆகஸ்ட் ராத்திரியிலும் பூஜ்யத்தை நெருங்கலாம். உள்ளே பாலியஸ்டர் அல்லது கம்பளி, அதற்கு மேல் ஃப்ளீஸ் என்கிற மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடை, முகாமில் போட ஒரு தடித்த ஜாக்கெட், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத ஒரு கோட்டு. நடக்கிற துணி ஒன்று, படுக்கிற துணி ஒன்று. படுக்கிற துணி எந்தக் காரணத்துக்காகவும் நனையக் கூடாது. குல்லா, கையுறை, கறுப்புக் கண்ணாடி, சன்ஸ்க்ரீன். மேலே வெயில் சுடாது, ஆனால் தோல் உரியும்.

ஷூ வாங்கும்போது தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு, சாயங்காலம் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். விரலுக்கு முன்னால் இடம் இருக்க வேண்டும். புது ஷூவோடு காஷ்மீருக்குப் போகக் கூடாது. ஏற்காட்டுப் பயிற்சி முழுவதும் அதே ஷூவில் நடந்திருக்க வேண்டும். குதிகாலில் லேசாகச் சூடு தட்டினால் அங்கேயே உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, பிளாஸ்டர் ஒட்டிவிட்டுத்தான் எழ வேண்டும். கொப்புளம் வந்த பிறகு ஒட்டினால் பாதிப் பயன்தான். அப்படி உட்காருகிறவருக்காகக் குழுவும் நிற்க வேண்டும்.

சாப்பாடு

4,000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 86, 87 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் சாதமும் பருப்பும் திறந்த பாத்திரத்தில் சரியாக வேகாது. சின்ன பிரஷர் குக்கர் ஒன்றைக் குதிரைச் சுமையில் சேர்த்துவிடுங்கள். எரிவாயுக் குப்பியை ரயிலிலும் விமானத்திலும் கொண்டுபோகக் கூடாது. ஸ்ரீநகரில் வாங்கிக்கொள்ளலாம்.

நம்ம வீட்டுப் பண்டங்களில் மலைக்குப் பொருந்துவது நிறைய. அவல் வெந்நீரில் ஊறினாலே போதும். புளிக்காய்ச்சல் ஒரு டப்பா இருந்தால் எந்தச் சாதமும் இறங்கும். உயரத்தில் பசி மந்தமாகிவிடும், இனிப்பு மட்டும் தின்றால் குமட்டும். அந்த நேரத்தில் புளிப்பும் காரமும்தான் நாக்கை எழுப்பும். தட்டுவடை நொறுங்காமல் இருக்க எவர்சில்வர் டப்பாவில் அடுக்குங்கள். கடலைமிட்டாய், எள்ளுருண்டை, பொட்டுக்கடலை, பேரீச்சை, முந்திரி எல்லாம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மொத்தமாக வாங்கி, ஆளுக்கு நாளுக்கு ஒரு பொட்டலம் என்று கட்டிவிடலாம். யார் எவ்வளவு தின்றார் என்ற பேச்சே வராது. ஜவ்வரிசி வேண்டாம். வேக நேரம் பிடிக்கும், எரிவாயு வீணாகும்.

போகிற வழி

சேலம் ஜங்ஷனிலிருந்து கேரளா எக்ஸ்பிரஸில் டெல்லி போய், அங்கிருந்து ஜம்மு அல்லது கட்ரா. வாரம் ஒருமுறை ஓடுகிற ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் சேலம் வழியாக நேராகக் கட்ராவுக்கே போகிறது. நாள் பொருந்தினால் ரயில் மாறும் தொல்லை இல்லை. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு 2025 ஜூன் முதல் வந்தே பாரத் ஓடுகிறது. செனாப் ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் கட்டிய பாலத்தைத் தாண்டிப் போகும். ஜன்னல் ஓரம் கிடைத்தால் விடாதீர்கள். ஸ்ரீநகரிலிருந்து சோனாமார்க் சுமார் 80 கிலோமீட்டர். போக, வர, நடக்க எல்லாம் சேர்த்து இரண்டு வாரம் விடுப்பு வேண்டும். விடுப்பு குறைவாக இருக்கிறவர்கள் பெங்களூரிலிருந்து விமானத்தில் போகலாம். மிச்சமாகிற நாளை மலையில் ஓய்வு நாளாகச் செலவழியுங்கள், ஊருக்குச் சீக்கிரம் திரும்புவதற்கு வேண்டாம்.

பாதுகாப்புச் சூழ்நிலையைப் பொறுத்து இந்தப் பாதைக்கான அனுமதியைத் திறப்பதும் மூடுவதும் உண்டு. டிக்கெட் எடுப்பதற்கு முன் ஒருமுறை, கிளம்புவதற்கு முந்தின வாரம் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். வழியில் ராணுவச் சாவடிகளில் அடையாள அட்டை பார்ப்பார்கள். ஆதார் அசலும் இரண்டு மூன்று நகல்களும் நனையாத உறையில் இருக்கட்டும். சாவடிகளைப் படம் எடுக்காதீர்கள், ட்ரோன் கொண்டுபோகாதீர்கள். தமிழ்நாட்டு ப்ரீபெய்ட் சிம் ஜம்மு காஷ்மீரில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் சோனாமார்க் வரைக்கும்தான். உள்ளே ஒரு வாரம் சிக்னல் கிடைக்காது என்பதை வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டு வாருங்கள். எந்த நாளில் நாராநாக்குக்கு வந்து சேர்வீர்கள், அதற்கு எத்தனை நாள் கழித்து அழைப்பு வராவிட்டால் யாரைக் கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுங்கள். பணம் ஒருவர் பொறுப்பு. குதிரைக்காரருக்குக் கொடுக்க ரொக்கம் தனியாக இருக்க வேண்டும்.

உயரம்

இதை எல்லோரும் படிக்க வேண்டும், குழுத்தலைவர் மட்டும் படித்தால் போதாது.

4,000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் அறுபது சதவீதம்தான். அதற்குத் தக்கபடி உடம்பு மாற நாள் பிடிக்கும். அவசரப்பட்டால் தலைவலி, குமட்டல், சோர்வு, தூக்கமின்மை வரும். ஜிம்முக்குப் போகிறவர், மாரத்தான் ஓடுகிறவர், இருபது வயதுப் பையன் என்று யாருக்கும் விலக்கு கிடையாது. சொல்லப்போனால் பலசாலிகள்தான் வேகமாக ஏறி முதலில் படுத்துவிடுகிறார்கள்.

3,000 மீட்டருக்கு மேல், ஒரு ராத்திரி படுக்கிற இடத்துக்கும் அடுத்த ராத்திரி படுக்கிற இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது பொது விதி. சோனாமார்க் சுமார் 2,700 மீட்டர். முதல் முகாமே 3,500-ஐ நெருங்குகிறது. அதனால் சோனாமார்க்கில் இரண்டு ராத்திரி தங்குங்கள். நடுவில் உள்ள பகலில் தாஜிவாஸ் பனியாறு பக்கம் நடந்து ஏறிவிட்டு, கீழே வந்து படுங்கள். விஷன்சர் கரையில் இன்னொரு ஓய்வு நாள். அன்றைக்குப் பை இல்லாமல் கிஷன்சர் வரை போய் வரலாம். ஓய்வு நாளை விட்டுவிட்டு ஆறு நாளில் முடிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

டயமாக்ஸ் மாத்திரை உடம்பு பழகுவதற்கு உதவும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. சேலத்திலேயே மருத்துவரைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மது, தூக்க மாத்திரை இரண்டும் அந்த ஒரு வாரம் கூடாது.

தினமும் காலையிலும் சாயங்காலமும் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: தலை வலிக்கிறதா, சாப்பாடு இறங்கியதா, தூங்கினாயா? தலைவலியோடு குமட்டலும் இருந்தால் அன்றைக்கு மேலே ஏறக் கூடாது. இருந்த இடத்திலேயே ஓய்வு. மறுநாளும் குறையாவிட்டால் இறங்க வேண்டும். இரண்டு அறிகுறிகள் தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒன்று, தள்ளாட்டம். தரையில் ஒரு கோடு போட்டு, குதிகாலுக்கு முன் விரல் என்று ஒட்டி ஒட்டி நடக்கச் சொல்லுங்கள். சாய்ந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். இன்னொன்று, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் நெஞ்சில் கரகரவென்று சத்தம் கேட்பதும். அப்படியென்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டுக்கும் முதல் வைத்தியம் கீழே இறங்குவதுதான், ராத்திரியானாலும்.

இந்தப் பாதையில் ஒரு சிக்கல் உண்டு. நிச்நாய் கணவாயைத் தாண்டி விஷன்சருக்குப் போய்விட்டால், சோனாமார்க்குக்குத் திரும்ப அதே கணவாயை மறுபடி ஏற வேண்டும். முடியாதவரை வைத்துக்கொண்டு அது பெரும்பாடு. ஆகவே நிச்நாய் முகாமில், கணவாய்க்கு முந்தின ராத்திரி, எல்லோரும் உட்கார்ந்து உண்மையைப் பேசிவிடுங்கள். சந்தேகம் இருக்கிறவர் அங்கிருந்தே இறங்கட்டும். அவரோடு யார் இறங்குவது என்பது சேலத்திலேயே முடிவாகியிருக்க வேண்டும். இருவர் இருவராக ஜோடி பிரித்து, "உனக்கு முடியாவிட்டால் நான் வருகிறேன், எனக்கு முடியாவிட்டால் நீ வா" என்று பேசி வைத்துக்கொண்டால், மலையில் யாரும் யார் முகத்தையும் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை. தனியாக ஒருவரைக் கீழே அனுப்புவது எந்தச் சூழ்நிலையிலும் கிடையாது.

நடக்கிற ஒழுங்கு

மெதுவாக நடக்கிறவர் வழிகாட்டிக்கு அடுத்து, இரண்டாவதாக நடக்க வேண்டும். குழுவில் பலசாலி கடைசியில். வேகமானவர்கள் முன்னால் போய் உட்கார்ந்திருந்து, மெதுவானவர் வந்து சேர்ந்ததும் எழுந்து கிளம்பினால், ஓய்வு தேவைப்பட்டவருக்கு ஓய்வே கிடைக்காது. காலை ஏழு மணிக்குள் கிளம்பிவிடுங்கள். பனி உருகி ஓடை பெருகுவது மத்தியானத்துக்கு மேல்தான். ஓடையைக் காலையில் கடந்துவிட வேண்டும். கடக்கும்போது இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பை இழுத்துக்கொண்டு போகாது. வெறுங்காலோடு இறங்காதீர்கள், கால் மரத்துவிடும்.

வழியில் பக்கர்வால் மேய்ப்பர்களின் ஆடுகளும் நாய்களும் இருக்கும். மந்தைக்கு நடுவில் புகாமல் சுற்றிப் போங்கள்.

ஏரிக்கரையில்

கிணற்றிலும் ஏரியிலும் குதித்து வளர்ந்தவர்கள் நாம். இந்த ஏரிகளில் குதிக்க வேண்டாம். பனி உருகிய தண்ணீரில் சட்டென்று இறங்கினால் மூச்சு தானாக இழுக்கும், நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் கை கால் ஓடாது. கரையில் உட்கார்ந்து காலை நனையுங்கள், முகம் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

கழிப்பதற்குத் தண்ணீரிலிருந்து எழுபது, எண்பது அடி எடுத்து வைத்துத் தள்ளிப் போங்கள். ஒரு சாண் ஆழம் குழி தோண்டி மூடிவிடுங்கள். ஈரத் துடைப்பான், சானிட்டரி பேட் எதையும் புதைக்கக் கூடாது. கறுப்பு நிற ஜிப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். உயரத்தில் மாதவிடாய் நாள் தப்பி வருவது உண்டு, அதனால் நாள் இல்லை என்றாலும் பெண்கள் எல்லோரும் தயாராக வர வேண்டும். கப் பயன்படுத்த நினைக்கிறவர்கள் இரண்டு மூன்று மாதம் முன்பே வீட்டில் பழகிக்கொள்ளுங்கள். கழிப்பறை டென்ட் ஒன்றைக் குதிரைச் சுமையில் சேர்ப்பது குழுத்தலைவரின் வேலை, பெண்கள் வந்து கேட்கிற மாதிரி வைக்கக் கூடாது.

கங்காபல், ஹர்முக் சிகரத்தின் அடியில் இருக்கிறது. காஷ்மீரப் பண்டிதர்கள் முன்னோரின் அஸ்தியைக் கரைக்க யாத்திரை வரும் ஏரி. நம் ஆட்கள் அங்கே சத்தமாகப் பாட்டுப் போட வேண்டாம்.

இறக்கமும் அப்புறமும்

கடைசி நாள் நாராநாக் இறக்கம் நீளம். கிளம்பும் முன் நகம் வெட்டி, ஷூ நாடாவைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டுங்கள். இரண்டு கைக்கும் தடி. ஏற்காட்டில் பழகிய சின்னச் சின்ன அடிகள்தான் இங்கேயும். முழங்கால் பிடிப்பவரின் பையிலிருந்து மூன்று நான்கு கிலோ மற்றவர்கள் பிரித்து வாங்கிக்கொள்ளுங்கள், அவர் கேட்கும் வரை காத்திருக்க வேண்டாம். கீழே எட்டாம் நூற்றாண்டுக் கோயில்களின் இடிபாடுகள் இருக்கின்றன. வண்டி ஏறுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். சிக்னல் கிடைத்ததும் முதலில் எல்லோரும் வீட்டுக்குப் பேசுங்கள்.

சேலத்துக்கு வந்த வாரமே டென்ட்டையும் ஸ்லீப்பிங் பேக்கையும் மொட்டை மாடி நிழலில் நன்றாக உலர்த்துங்கள். ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த சித்திரைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். கணக்கை ஒரே நாளில் முடித்து மிச்சப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.